பட்டாளத்துப் பிள்ளையின் கடிதங்கள்: கேள்வி பதில்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்த நம் வீட்டுப் பிள்ளைகள், பயிற்சி முகாமிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்களைப் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். யாங்கூன், பெகு, மோல்மீன், தட்டோன், களேவா என்று பர்மாவின் பல ஊர்களிலிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. என் பதில்களில் பாதிக்கு ஆதாரம் எங்கள் பெரியப்பாவின் கடிதக் கட்டு. அவர் ரங்கூனில், அதாவது இன்றைய யாங்கூனில், பிறந்தவர். 1942ல் குடும்பத்தோடு எல்லை ஊரான தமு வழியாக நடந்து இந்தியா போய், ராமநாதபுரம் பக்கத்துச் சொந்த ஊரில் ஒதுங்கி, மறு வருஷமே பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் பட்டாளத்தில் சேர்ந்தார். போர் முடிந்து தாத்தா மறுபடி ரங்கூன் வந்தபோது அந்தக் கட்டும் டிரங்குப் பெட்டியில் ஏறி வந்தது. மீதிப் பாதி, ராணுவத் தபால் உறை சேர்க்கும் என் பைத்தியத்தால் தெரிந்துகொண்டது.

பெகு, ஓர் ஆசிரியை: ஐயா, என் தாத்தா பயிற்சியில் இருந்தபோது எழுதிய கடிதங்களில் சாப்பாடு, பூட்ஸ், தங்கச்சி கல்யாணம் இவைதான் இருக்கின்றன. போரைப் பற்றி ஒரு வரி இல்லை. அவருக்கு எதுவுமே உறைக்கவில்லையா?

உறைத்திருக்கும், அம்மா. ஆனால் அந்தக் கடிதம் எப்படிப் படிக்கப்படும் என்று அவருக்குத் தெரியும். பெற்றவளுக்கு எழுத்து தெரியாது. தபால்காரரோ பள்ளிக்கூட வாத்தியாரோ திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். பக்கத்து வீட்டு அத்தை, பெண் கொடுக்கலாமா என்று யோசிக்கிற மாமா, கடன் கொடுத்தவர் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். பட்டாளத்தில் ஒரு சென்சார் அதிகாரி படித்தார், திண்ணையில் ஊரே படித்தது. பையன்கள் அதிகம் பயந்தது திண்ணைக்குத்தான் என்பது என் எண்ணம். "பயமாக இருக்கிறது" என்று எழுதினால் அம்மா மூன்று நாள் சோறு தின்னமாட்டாள். "சார்ஜென்ட் திட்டினார்" என்று எழுதினால் ஊர் சிரிக்கும். அதனால் எழுதத்தக்கது என்று மிஞ்சியது சாப்பாடும் சம்பளமும்.

சாப்பாட்டை அற்பம் என்று நினைத்துவிடாதீர்கள். 1942ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் சென்னை மாகாணத்துக்குப் போய்க்கொண்டிருந்த பர்மா அரிசி நின்றுபோனது. 1943ல் வங்காளத்தில் பஞ்சம். தெற்கிலும் விலை ஏறி, ரேஷன் வந்தது. அந்த வருஷம் ஒரு பையன் "இங்கே மூன்று வேளையும் சாப்பாடு, வாரத்தில் கறி உண்டு" என்று எழுதினால், அதுதான் வீட்டுக்குப் பெரிய செய்தி. பெரியப்பா ஒரு கடிதத்தில் கறி போட்டதைச் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே "அங்கே அரிசி என்ன விலை, எழுதவும்" என்று கேட்கிறார். அந்த இரண்டு வரிக்கும் நடுவில் அவர் என்ன நினைத்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். அரிசித் தட்டுப்பாட்டில் சில நாள் கோதுமை ரொட்டி போட்டார்கள். அதைப் பற்றிய புலம்பலும் நிறைய உண்டு.

பூட்ஸும் அப்படித்தான். பிறந்ததிலிருந்து வெறுங்காலில் நடந்த பிள்ளைகள். இரும்பு லாடம் அடித்த பூட்ஸில் கவாத்து மைதானத்தில் நாள் முழுக்க நடந்தால் குதிகால் என்ன ஆகும்? "பூட்ஸ் பழகிவிட்டது" என்று அவர் எழுதுகிற கடிதம் வரைக்கும் கொப்புளத்தோடுதான் நடந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். "நான் சுகம்" என்று ஒரு தடவை எழுதினால் சுகம். ஒரே கடிதத்தில் மூன்று தடவை எழுதினால், பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்த கடிதம்.

களேவா, ஒரு தம்பி: அண்ணே, எங்கள் பெரிய தாத்தாவும் சாப்பர்ஸ்தான். "இன்று ஆறு பேர் சேர்ந்து இரும்புச் சட்டம் தூக்கினோம்" என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். அது என்ன வேலை? சாப்பர்ஸுக்கு என்னதான் கற்றுக் கொடுத்தார்கள்?

கேள்வி களேவாவிலிருந்து வந்தது எனக்குச் சந்தோஷம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

முதல் சில மாதங்கள் எல்லாச் சிப்பாய்க்கும் உள்ளதுதான். விடிவதற்கு முன் பக்கிள் ஊதும், அப்புறம் உடற்பயிற்சி, கவாத்து, துப்பாக்கி. துப்பாக்கி என்றால் த்ரீ நாட் த்ரீ. அதைப் பிரித்துத் துடைத்துப் பூட்டுவதற்கே பாதி நாள் போகும். பிறகு சாப்பர் வேலை. கயிற்று முடிச்சுகள், மரம் கட்டுவது, பதுங்குகுழி வெட்டுவது, சாலை போடுவது, பாறையையும் பாலத்தையும் வெடி வைத்துத் தகர்ப்பது, மிதிவெடி தேடுவது. தச்சு, கொல்லு, கொத்து வேலை தெரிந்து வந்தவர்களுக்கு அங்கே தனி மதிப்பு. வீட்டில் பரம்பரைத் தொழிலாகச் செய்ததைப் பட்டாளத்தில் தேர்வு வைத்து, பாஸானால் கூடுதல் சம்பளமும் கொடுத்தார்கள். "உளி பிடித்ததற்குக் காசு ஏறியது" என்று பெரியப்பாவின் கூட்டாளி ஒருவர் பெருமைப்பட்டதாக ஒரு கடிதத்தில் வருகிறது.

மிதிவெடிப் பயிற்சி பற்றி ஒருவரும் வீட்டுக்கு எழுதவில்லை. துப்பாக்கி முனைக் கத்தியைச் சாய்வாகப் பிடித்து, மண்ணை அங்குலம் அங்குலமாகக் குத்திப் பார்க்க வேண்டும். செங்குத்தாகக் குத்தினால் வெடியின் தலையில் படும். மெட்ராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், 1944ல் இத்தாலியில் மிக்னானோ அருகே, வெடிக்கப்போன மிதிவெடி மேல் விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர் விட்டார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் பதக்கம் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட வேலையைப் பற்றித் திண்ணையில் படிக்கிற கடிதத்தில் என்ன எழுதுவது?

சரி, இரும்புச் சட்டம். அது பெய்லி பாலத்தின் பலகம். 10 அடி நீளம், 5 அடிக்குக் கொஞ்சம் மேல் உயரம், எடை சுமார் 260 கிலோ. குறுக்கே கம்புகளைச் செருகி ஆறு பேர் தூக்குவார்கள். கிரேன் தேவையில்லை, லாரியில் ஏற்றிப் போகலாம், இரண்டு பலகத்தை ஊசி போட்டு இணைத்தால் பாலம் நீளும். அந்தப் பாலத்தின் சூட்சுமம் இவ்வளவுதான். இக்கரையிலேயே பாலத்தைக் கட்டி, உருளைகள் மேல் வைத்து, முன்னால் எடை குறைந்த மூக்கு ஒன்றைப் பொருத்தி, அப்படியே அக்கரைக்குத் தள்ளிவிடுவார்கள். பின்பக்கம் பாரம் அதிகம் என்பதால் மூக்கு ஆற்றில் கவிழாது. அக்கரை தொட்டதும் மூக்கைக் கழற்றிவிடலாம். ஆறு பேரும் ஒரே மூச்சில் தூக்கி, ஒரே மூச்சில் இறக்க வேண்டும். ஒருவன் முந்திக் கை விட்டால் மற்றவன் கால் போகும். அதனால்தான் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். ஒரே ஆறு பேர் மாதக்கணக்கில் சேர்ந்து தூக்கினால் அது ஒரு குடும்பம் ஆகிவிடும். கடிதத்தில் அந்த ஐந்து பேர் பெயரும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

இப்போது களேவா. 1944 டிசம்பரில் உங்கள் ஊரில் சிந்த்வின் ஆற்றின் மேல் மிதவைகளில் ஒரு பெய்லி பாலம் போட்டார்கள். நீளம் 1,154 அடி. அந்தக் காலத்தில் உலகிலேயே நீளமான மிதக்கும் பெய்லி பாலம் அதுதான் என்று சொல்வார்கள். பிரிட்டிஷாரின் பதினான்காவது ராணுவம் அதன் மேல்தான் பர்மாவின் நடுச் சமவெளிக்கு இறங்கியது. உங்கள் பெரிய தாத்தா அந்தப் பாலத்தில் வேலை செய்தாரா என்பதை அவர் கம்பெனி எண்ணை வைத்துத்தான் சொல்ல முடியும். உறையில் அனுப்புநர் முகவரியைப் படம் எடுத்து அனுப்புங்கள், தம்பி.

யாங்கூன், ஒரு அக்கா: ஒரே ஆள் எழுதிய கடிதங்கள்தான், ஆனால் கையெழுத்து மூன்று நான்கு விதமாக இருக்கிறது. எது உண்மையில் அப்பா எழுதியது?

அனேகமாக முதல் கடிதங்களில் எதுவுமே அவர் கை இல்லை. படிக்காமல் சேர்ந்த பையன்களுக்கு, எழுதத் தெரிந்த கூட்டாளி எழுதிக் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாரக்கில் ஒருவரைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். அதனால் எல்லாக் கடிதமும் ஒரே மாதிரி "தேவரீர் பாதங்களுக்கு அடியேன் அநேக நமஸ்காரம்" என்று தொடங்கும். அது எழுதிக் கொடுத்தவருடைய நடை, உங்கள் அப்பாவுடையது இல்லை. அப்பாவின் குரல் வேண்டுமென்றால் கடைசி இரண்டு வரிக்குப் போங்கள். "மறக்காமல் கறுப்புப் பசு கன்னு போட்டதா எழுதச் சொல்" என்று திடீரென்று நடை மாறும். அது அவர் வாயிலிருந்து வந்தது.

பட்டாளத்தில் பள்ளிக்கூடமும் உண்டு. ராணுவத்தின் பொது மொழி, ரோமன் எழுத்தில் எழுதிய உருது. பாடமெல்லாம் அதில்தான். நம் பிள்ளைகள் அதைத் திண்டாடிக் கற்றார்கள். அந்தச் சூட்டில் தமிழ் எழுத்தும் கூட்டிப் படிக்கப் பழகியவர்கள் உண்டு. கட்டின் நடுவில் கோணல்மாணலாக, பெரிய பெரிய எழுத்தில், பிழையோடு ஒரு கடிதம் இருந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள், அக்கா. அது பெரும்பாலும் அவரே எழுதிய முதல் கடிதம். எங்கள் கட்டில் அப்படி ஒன்று இருக்கிறது. அதில் விஷயம் ஒன்றுமே இல்லை. மணியார்டர் கிடைத்ததா என்பது மட்டும்தான். பாட்டி அதைத்தான் கடைசி வரை தலையணைக்கு அடியில் வைத்திருந்தார்.

தட்டோன்: தேதி "தாரண ௵ ஆவணி ௴" என்று இருக்கிறது. இது எந்த வருஷம்?

1944 ஆகஸ்ட் பாதியிலிருந்து செப்டம்பர் பாதி வரை. போர்க் காலத்துக்கு இந்த நாலும் போதும்: சித்திரபானு 1942-43, சுபானு 1943-44, தாரண 1944-45, பார்த்திப 1945-46. சித்திரையில் தொடங்கி பங்குனியில் முடியும் என்பதை மறக்காதீர்கள். தை மாதக் கடிதம் என்றால் பின் வருஷம். ௵ வருஷம், ௴ மாதம், ௳ நாள், ௹ ரூபாய். தலையில் உ போட்டிருந்தால் பிள்ளையார் சுழி, சிலுவை இருந்தால் வேதக்கார வீடு, 786 இருந்தால் முஸ்லிம் வீடு. எழுதிக் கொடுத்தவரின் அடையாளம் சில சமயம் அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும், அதனால் குழம்ப வேண்டாம்.

மோல்மீன், ஒரு மாமா: கடிதத்தில் சில இடத்தை வெட்டி எடுத்திருக்கிறார்கள். சென்சாரை ஏமாற்ற ரகசிய மொழி வைத்திருந்தார்கள் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். உண்மையா?

எல்லா வீட்டிலும் அப்படி ஒரு கதை உண்டு, மாமா. முக்கால்வாசி பின்னால் கட்டியது. சென்சார் அழித்தது என்னவென்றால் ஊர்ப் பெயர், பட்டாளப் பெயர், எப்போது எங்கே போகிறோம் என்பது, கப்பல், ரயில் விவரம். முதலில் அவர்கள் பிரிவின் அதிகாரியே படிப்பார். பிறகு தளத் தணிக்கை அலுவலகத்தில், மொழி தெரிந்தவர்கள் சில கடிதங்களை எடுத்துப் படிப்பார்கள். சிப்பாய்கள் எதைப் பற்றிப் புலம்புகிறார்கள் என்று மேலிடத்துக்கு அறிக்கையும் போகும். ஊரில் அரிசி விலை, வீட்டுப் பணம் வந்து சேராதது, லீவு கிடைக்காதது, இவைதான் அந்த அறிக்கைகளில் நிறைந்திருந்தன. பயிற்சி முகாமில் இருந்தவரைக்கும் வெட்டுவதற்கு அதிகம் ஒன்றும் இருக்காது. வெட்டு விழுந்த கடிதம் என்றால் பையன் முகாமை விட்டுக் கிளம்பிவிட்டான் என்று அர்த்தம்.

ஆனால் ரகசிய மொழி ஒன்றும் தேவைப்படாத ஒரு வழி இருந்தது. அது பர்மாவில் வாழ்ந்த குடும்பங்களுக்கு மட்டும் கிடைத்த வசதி. பெரியப்பா 1945 சித்திரையில் எழுதிய கடிதத்தில், "வருஷப் பிறப்பு அன்று குழந்தைகள் எங்கள் லாரி மேல் தண்ணீர் ஊற்றி நனைத்துவிட்டார்கள்" என்று ஒரு வரி. சென்சார் அதில் என்ன கண்டுபிடிப்பார்? ஊர்ப் பெயர் இல்லை, ஆற்றின் பெயர் இல்லை. அப்படியே விட்டுவிட்டார். ராமநாதபுரத்துத் திண்ணையில் அதைக் கேட்ட ஊர்க்காரர்களும் "என்னமோ விளையாட்டு" என்று சிரித்திருக்கிறார்கள். தாத்தா மட்டும் எழுந்து உள்ளே போய்விட்டாராம். தண்ணீர் ஊற்றி வருஷம் பிறக்கிற நாடு எது என்று அவருக்குத் தெரியாதா? பர்மாவின் வருஷப் பிறப்பான திஞ்ஜானை விளையாடி வளர்ந்த பையன் திஞ்ஜான் நாளில் பர்மாவுக்குள் நிற்கிறான். மண்டலே மார்ச் 20ல் விழுந்திருந்தது, ரங்கூனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். பத்திரிகையில் வந்ததையும் இந்த ஒரு வரியையும் தாத்தா சேர்த்துப் பார்த்துக்கொண்டார்.

உங்கள் கடிதங்களில் மரம், பூ, மழை, மீன் பற்றி எது வந்தாலும் குறித்து வையுங்கள். பர்மாக்காரன் பர்மாக்காரனுக்கு எழுதியது அங்கேதான் இருக்கும்.

பெகு: முகவரியில் எப்.பி.ஓ. என்று போட்டு ஒரு எண் மட்டும் இருக்கிறது. ஊர் எங்கே?

களத் தபால் நிலையம். ஊர் தெரியக்கூடாது என்பதற்காகவே எண். பட்டாளம் நகர்ந்தால் தபால் நிலையமும் அதே எண்ணோடு நகரும். அதனால் எண் மட்டும் போதாது, முத்திரையில் உள்ள தேதியும் வேண்டும். இரண்டும் இருந்தால் எந்த ஊர் என்று சொல்லும் பட்டியல்கள் சேகரிப்பாளர்களிடம் உண்டு. படம் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

யாங்கூன், ஒரு கல்லூரி மாணவர்: ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். வெள்ளைக்காரன் பட்டாளத்தில் கூலிக்குச் சேர்ந்தவர்களின் கடிதங்களை ஏன் இப்படிக் கொண்டாட வேண்டும்? நேதாஜி இதே ரங்கூனில் இருந்தபோது எதிர்ப்பக்கம் நின்றவர்கள்தானே?

கோபம் ஒன்றும் இல்லை, தம்பி. நான் கொண்டாடவில்லை, படிக்கிறேன். இந்தியாவில் கட்டாய ராணுவச் சேவை கிடையாது. 1939ல் இரண்டு லட்சம் பேர் இருந்த ராணுவம் 1945ல் 25 லட்சம் ஆனது. அத்தனை பேரும் தாமாக வந்து சேர்ந்தார்கள் என்று வெள்ளைக்காரன் பெருமையாக எழுதிக்கொண்டான். கடிதங்களைப் படித்தால் அந்தப் பெருமையில் ஓட்டை விழுகிறது. எங்கள் பெரியப்பா ராஜாவுக்காகச் சேர்ந்ததாக ஓர் இடத்திலும் எழுதவில்லை. 1941 டிசம்பர் 23ல் ரங்கூன் மேல் குண்டு விழுந்தது. வீடு, கடை, துறைமுக வேலை எல்லாம் போய், மலை தாண்டி நடந்து, வழியில் ஒரு தங்கையைக் காலராவுக்குக் கொடுத்துவிட்டு வந்த குடும்பம். சொந்த ஊரில் நிலமில்லை. "ரங்கூன்காரர்கள் வந்துவிட்டார்கள்" என்று முகம் சுளித்த சொந்தம். அந்த வீட்டில் பதினெட்டு வயதுப் பையன் பட்டாளத்துக்குப் போனால் ஒரு வாய் குறையும், மாதம் ஒரு மணியார்டர் வரும். சம்பளத்தில் ஒரு பங்கைக் குடும்பத்துக்கே நேராக அனுப்ப ஏற்பாடும் இருந்தது. கூலிக்குத்தான் போனார். அதை மறைக்க நான் ஏன் சிரமப்பட வேண்டும்?

நீங்கள் சொல்கிற இன்னொரு பக்கமும் நம் வீடுகள்தான். ஓர் அண்ணன் இங்கே, ஒரு தம்பி அங்கே என்று இருந்த குடும்பங்கள் யாங்கூனில் இன்றும் உண்டு. அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

சிரியம், ஓர் அம்மா: என் தகப்பனார் ரங்கூனில் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்து பயிற்சி எடுத்தவர். ஒரு கடிதம்கூட இல்லை. எழுதவே இல்லையா, தொலைந்துவிட்டதா?

உங்கள் சொந்தம் இந்தியாவில் இருந்திருந்தால் கடிதம் வர வழியே இல்லை, அம்மா. 1942ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் இந்தியாவுக்கான தபால் அறுந்தது. 1945 மே மாதம் ரங்கூன் மறுபடி பிரிட்டிஷார் கைக்கு வரும் வரை அப்படித்தான். ஒரே மலைத்தொடருக்கு அந்தப்பக்கம் எங்கள் பெரியப்பா வாரம் ஒன்று எழுதிக்கொண்டிருக்க, இந்தப்பக்கம் உங்கள் தகப்பனார் எழுதி யாருக்கு அனுப்புவது?

அவருடைய பயிற்சி எப்படி இருந்திருக்கும் என்று கேட்டால், கவாத்து ஏறக்குறைய அதேதான். சொல்லிக் கொடுத்தவர்களில் பலர் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்திலிருந்து வந்தவர்கள். கட்டளைகள் இந்துஸ்தானியில். தோட்டத்திலிருந்தும் கடையிலிருந்தும் வந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இங்கேயும் அதே திண்டாட்டம். நேதாஜியின் அரசு 1944 ஜனவரியில் தலைமையகத்தை ரங்கூனுக்கு மாற்றியது. ராணி ஜான்சி படையின் பெண்களும் இங்கே வந்தார்கள். அவர்களில் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் ஏராளம். ஜப்பானியர் விலகிய பிறகு ரங்கூனில் ஒழுங்கைக் காக்க விட்டுப்போன ஐ.என்.ஏ. படைக்குத் தலைவர் மேஜர் ஜெனரல் லோகநாதன், ஒரு தமிழர். நகரம் கொள்ளை போகாமல் இருந்ததற்கு அவர்களும் ஒரு காரணம். இதைப் பட்டாளக் கதை பேசும்போது நம் ஆட்கள் அதிகம் சொல்வதில்லை.

கடிதத்துக்குப் பதில், அவர் வாய்மொழியாகச் சொன்னதை உங்களுக்கு ஞாபகம் இருக்கும்போதே எழுதி வையுங்கள். அவர் பாடிய அணிவகுப்புப் பாட்டு, திட்டிய இந்துஸ்தானி வார்த்தை உட்பட.

யாங்கூன், ஒரு பாய்: எங்கள் நன்னா எழுதிய கடிதம் அரபு எழுத்தில் இருக்கிறது. மௌலவியிடம் காட்டினால் "இது அரபி இல்லை" என்கிறார்.

அரபுத்தமிழ். மொழி தமிழ், எழுத்து அரபு. கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்துப் பெரியவர்கள் யாராவது கிடைத்தால் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள், காதில் கேட்டால் உங்களுக்கே புரிந்துவிடும். இந்த எழுத்து அதிகாரிக்குத் தெரியாது என்பதால் கடிதம் தளத் தணிக்கைக்குப் போய்ச் சுற்றி வந்திருக்கும். எழுதிய தேதிக்கும் வந்து சேர்ந்த முத்திரைக்கும் எத்தனை நாள் இடைவெளி என்று பாருங்கள்.

மோல்மீன், ஒரு தங்கச்சி: மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்த தாத்தா "உடம்பு மஞ்சளாகிவிட்டது, பயப்பட வேண்டாம், மாத்திரைதான்" என்று எழுதியிருக்கிறார். காமாலையா? அதே கடிதத்தில் "காட்டுப் பள்ளிக்கூடம் இரண்டு மாதம்" என்றும் வருகிறது.

காமாலை இல்லை, மெபாக்ரின். மலேரியாவுக்குத் தினமும் கொடுத்த மாத்திரை. தொடர்ந்து சாப்பிட்டால் தோல் மஞ்சளாகும். ஆண்மை போய்விடும் என்ற வதந்தி பரவி, பலர் வாயில் ஒதுக்கி வைத்துத் துப்பினார்கள். அதனால் வரிசையில் நிறுத்தி, விழுங்கும்வரை அதிகாரி எதிரில் நின்று பார்ப்பார். 1943ல் பர்மா எல்லையில் காயம்பட்டு வெளியேற்றப்பட்ட ஒருவருக்கு 120 பேர் நோயால் வெளியேற்றப்பட்டார்கள் என்று பதினான்காவது ராணுவத்தின் தளபதி ஸ்லிம் கணக்குச் சொல்கிறார். அவர் திடீர் சோதனை வைத்து, மாத்திரை ஒழுங்காகக் கொடுக்காத மூன்று பிரிவுத் தலைவர்களைப் பதவியிலிருந்தே எடுத்தார். அப்புறம்தான் நோய் அடங்கியது. உங்கள் தாத்தா திண்ணையில் படிக்கிற கடிதத்தில் மஞ்சளைச் சொன்னது எனக்கு ஆச்சரியம்தான். லீவில் வரப்போகிறார், பார்த்ததும் அம்மா அலறக்கூடாது என்று முன்னாலேயே சொல்லி வைத்திருப்பார்.

காட்டுப் பள்ளிக்கூடம், 1943ல் வந்த ஏற்பாடு. ஜப்பானியரிடம் வாங்கிய அடிக்குப் பிறகு, சாதாரணப் பயிற்சி முடித்த காலாட்படைப் பையன்களை நேராகப் போர்முனைக்கு அனுப்பக்கூடாது என்று முடிவானது. அதற்காகவே 14வது, 39வது டிவிஷன்களைப் பயிற்சி டிவிஷன்களாக மாற்றி, இரண்டு மாதம் காட்டுப் போர் சொல்லிக் கொடுத்தார்கள். ஒன்று மத்திய இந்தியாவில் சிந்த்வாரா, மற்றொன்று வடக்கே சஹாரன்பூர் பக்கம். இரவில் விளக்கில்லாமல் நடப்பது, சத்தம் கேட்டுத் திசை சொல்வது, மூங்கிலில் தெப்பம் கட்டி ஆறு தாண்டுவது. முந்தைய கடிதங்களைவிட இந்த இரண்டு மாதக் கடிதங்கள் குட்டையாக இருக்கும் பாருங்கள். எழுத நேரமும் இல்லை, உட்கார இடமும் இல்லை.

பெகு, ஒரு பெரியவர்: கடிதங்கள் 1945 மாசியோடு நின்றுவிட்டன. ஆள் திரும்பவில்லை. எங்கே தேடுவது?

முதலில் தௌக்கியான், ஐயா. யாங்கூனுக்கு வடக்கே பியே சாலையில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டம். நடுவில் உள்ள தூண்களில் புதைத்த இடம் தெரியாத சுமார் 27,000 பேரின் பெயர் செதுக்கியிருக்கிறது. தகனம் செய்யப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அங்கேயே தனி நினைவுச் சின்னம் உண்டு. பெயர் பட்டாளவாரியாக இருக்கும், அதனால் எந்தப் பட்டாளம் என்று தெரிந்துகொண்டு போங்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலிலும் தேடலாம். பல பதிவுகளில் தகப்பனார் பெயரும் ஊரும் இருக்கும். நம் பெயர்களை வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், ஆகவே பெயரை ஐந்தாறு விதமாகப் போட்டுப் பாருங்கள். பட்டாள எண் கிடைத்தால் அதுதான் நம்பகமானது. கடிதத்தின் பின்பக்கம் அனுப்புநர் பெயருக்கு முன்னால் இருக்கும் எண் அதுவே.

வீட்டில் பதக்கம் ஏதாவது கிடந்தால் விளிம்பையோ பின்பக்கத்தையோ பூதக்கண்ணாடியில் பாருங்கள். இந்திய வீரர்களுக்குக் கொடுத்த அந்தப் போரின் பதக்கங்களில் எண்ணும் பெயரும் பொறித்திருப்பார்கள். ஆறு முனை நட்சத்திரமாக இருந்தால் அதில் எழுதியிருப்பதைப் படியுங்கள், பர்மா ஸ்டார் என்றால் அவர் இங்கேயோ, அசாம், வங்காளப் பக்கமோ போர்ப் பணியில் இருந்தார் என்று பொருள். பணிப் பதிவு கேட்க சாப்பர்ஸ் என்றால் பெங்களூர், மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன்.

தட்டோன், ஒரு தம்பி: அண்ணே, தபால்தலையை வெட்டி ஆல்பத்தில் ஒட்டிவிட்டோம். கடிதங்களை லாமினேஷன் பண்ணலாமா?

பண்ணாதீர்கள். சூட்டில் பழைய மை கலங்கும், ஒட்டிய பிறகு பிரிக்க முடியாது. செலோ டேப்பும் வேண்டாம், பத்து வருஷத்தில் பழுப்புக் கறையை விட்டுவிட்டு அது மட்டும் உதிர்ந்துவிடும். துருப்பிடித்த குண்டூசியை மெதுவாகக் கழற்றி, மடிப்பைப் பிரித்து, தட்டையாக வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் வைத்து, மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போடுங்கள். நம் ஊர் மழைக்கு அது அவசியம். பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். தபால்தலை போனால் போகட்டும், போர்முனைக் கடிதத்தில் தலையே இருக்காது, அதற்குக் கட்டணம் இல்லை. முத்திரையுள்ள உறைதான் முக்கியம். மிச்ச உறையை இனிமேல் யாரும் வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.